ஆறு மணிப் பந்தி

வைகாசி 20, செவ்வாய்

சிங்கப்பூர் துறைமுகம். வானம் மூட்டம், மழை இல்லை. உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. விளாத்திகுளம் வெயில் எவ்வளவோ தேவலை, சுட்டாலும் வேர்வையை உலர விடும்.

மதியம் கப்பல் ஏறியாச்சு. நான், சுபா அம்மா, சுபா. சுபா இங்கே வேலைக்கு வந்து நாலு வருஷம். டிக்கெட், விசா, கப்பல் எல்லாம் அவள் ஏற்பாடு. கப்பலா இது? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒன்று மேல் ஒன்றாக அடுக்கினது போல இருக்கிறது. உள்ளே கடைத்தெரு, நீச்சல் குளம், லிஃப்ட். அரைகுறை உடுப்போடு நம்ம வயசுக்காரிகள் சாவகாசமாக நடக்கிறார்கள். சுபா அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள், அவர்களுக்கும் சேர்த்து.

ரூமில் துண்டை யானை மாதிரி மடித்து வைத்திருக்கிறான். பிரிக்க மனசு வரவில்லை. குளித்துவிட்டு வேட்டியிலேயே துடைத்தேன்.

முதல் அதிர்ச்சி: ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கு! நம்ம ஊர்க் கல்யாண வீடு மாதிரி இங்கேயும் பந்தி. ஆறு மணிக்கு ஒன்று, எட்டேகாலுக்கு ஒன்று. நமக்கு எட்டேகால் போதும் என்றேன். ஆறு மணி நான் டீ குடிக்கிற நேரம்.

"இல்லப்பா, நமக்கு ஆறு மணிதான். மாத்த முடியாது."

"ஏட்டி, எனக்கு எப்பப் பசிக்கும்னு கப்பக்காரனா சொல்லணும்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுபா அம்மா வழக்கமாக எனக்கு ஒத்து ஊதுவாள். இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மேசையில் ஆறு நாற்காலி. எதிரே உட்கார்ந்த குடும்பம் எந்த ஊர்? புதியம்புத்தூர்! நடுக்கடலில் புதியம்புத்தூர்! தூக்கிவாரிப் போட்டது. ரெடிமேட் சட்டை தைக்கிற யூனிட் வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணாச்சி. கூட அவர் சம்சாரம், மகன் பிரகாஷ். பிரகாஷுக்கும் சிங்கப்பூரில்தான் வேலை.

"தமிழ் ஆளுகள ஒரே மேசையில போட்டிருக்காங்கப்பா" என்றாள் சுபா. நல்ல ஏற்பாடு. நான் பருத்தி போடுகிறவன், அவர் சட்டை தைக்கிறவர். பேச்சு நிற்கவே இல்லை. தெருவை விசாரித்து என்ன ஆளுக என்றும் தெரிந்துகொண்டேன். நம்ம ஆளுக இல்லை. கப்பலில் அதுக்கென்ன.

அண்ணாச்சி சரியாகச் சாப்பிடவில்லை. பப்பாளி நாலு துண்டு, காப்பி.

"வயிறு சரியில்லையா அண்ணாச்சி?"

"இந்நேரத்துக்குச் சோறு எறங்காது தம்பி."

அவருக்கும் சேர்த்து நான் சாப்பிட்டேன்.

வைகாசி 21, புதன்

காலையில் கிள்ளான் துறைமுகம். நல்ல வெயில். வேன் பிடித்துப் பத்துமலை. அண்ணாச்சி வீட்டு ஆட்களும் அதே வேனில்.

முருகன் எவ்வளவு உயரம்! அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். சுபா அம்மா படி ஏறி மேலே போய்க் கண்ணை மூடி நின்றாள், அதற்குள் சுபா வந்து நிற்கிறாள்.

"வாங்கம்மா, நேரமாச்சு. டிராபிக்ல மாட்டுனா ஆறு மணிக்குள்ள மேசைக்குப் போக முடியாது."

கப்பல் கிளம்புவது ராத்திரி எட்டு மணிக்கு. இரண்டாம் பந்திக்காரர்கள் ஏழு மணி வரை சுற்றலாம். நாங்கள் மட்டும் காலில் வெந்நீர் கொட்டினது போல ஓடி வந்தோம். கீழே ஒரு கடையில் தோசை மணம். உட்காரவே விடவில்லை. "முருகனைவிடப் பந்தி பெருசாட்டி?" என்று கத்திவிட்டேன். பிரகாஷ் ஓடிப்போய் எனக்கு மட்டும் இரண்டு தோசை பார்சல் வாங்கி வந்தான். மரியாதை தெரிந்த பையன்.

ஆறு மணி. மேசை. அண்ணாச்சி இன்றைக்கும் பழம், காப்பி. "சோத்தக் கண்டா ஓடுற ஆள இப்பத்தான் பாக்குதேன்" என்று கிண்டல் செய்தேன். சிரித்தார். பிறகு பேச்சு எங்கெங்கோ போய் எங்கள் ஊர் மேலத்தெருப் பெண் தானாகப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட கதைக்கு வந்தது. வந்ததா, நான்தான் இழுத்து வந்தேன். "எம்மக அப்படிச் செய்ய மாட்டா. என் வார்த்தையத் தாண்ட மாட்டா" என்றேன். சுபா அம்மா கீழே என் காலை மிதித்தாள். ஏன் மிதிக்கிறாய் என்று அங்கேயே கேட்டேன்.

மாத்திரை போட மறந்துவிட்டேன்.

வைகாசி 22, வியாழன்

பினாங்கு. விடாத மழை. ஊருக்குப் போன் போட்டேன், அங்கே வெறும் காற்றுதானாம். இந்த மழையில் பாதி நமக்குப் பெய்தால் என்ன.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மதியம் கப்பலுக்குத் திரும்புகிற வரிசை. சுபா அம்மாவும் அண்ணாச்சி சம்சாரமும் ஒரே குடையில் எனக்கு முன்னால். பைகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். நான் அங்கே நிற்பது அவர்களுக்குத் தெரியாது. அண்ணாச்சி சம்சாரம் சொல்கிறாள்: "மதினி, எங்க வீட்டு அவிய ரெண்டு நாளா மேசையில கை நனைக்கல, பாத்தீங்கல்லா. உங்க வீட்டு அவியட்ட நீங்க என்னைக்கு வாயத் தெறக்கது? சுபாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு மாதா கோயில்ல மெழுகுவத்தி கூட ஏத்துவேன்னு நேர்ந்திருக்கேன்."

சுபா அம்மா சொல்கிறாள்: "பொறுங்க மதினி, இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லா. அவிய உங்க அவியகூட நல்லாத்தான் பழகுதாவ."

மதினி! அதற்குள் சம்பந்தி முறை! பை நழுவி விழுந்தது. இரண்டு பேரும் திரும்பினார்கள். சுபா அம்மா முகத்தில் ரத்தம் இல்லை.

ரூமுக்கு வந்து கேட்டேன். மறைக்கவில்லை. சுபாவும் பிரகாஷும் இரண்டு வருஷமாகப் பழக்கம். சுபா அம்மாவுக்கு ஒரு வருஷமாகத் தெரியும். அவர்கள் குடும்பம் ஆறு மணிப் பந்தியில் இருந்ததால் நமக்கும் ஆறு மணி. எல்லாம் சுபா போட்ட திட்டம். பத்துமலையில் கண்ணாரக் கும்பிட விடாமல் இழுத்து வந்தது இதற்குத்தான்.

"ஊர்ல வச்சு சொன்னா, என்ன ஆளுகன்னு கேட்டுட்டு நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கப்பா. பேரு ஊரு தெரியாம இல்ல, எல்லாம் தெரிஞ்சே நீங்க அவங்ககூட நல்லாப் பேசுனீங்கல்லா? அதுக்குத்தான்."

இந்தக் கப்பலிலேயே தெரியாத ஆள் நான் ஒருத்தன்தான். நான் மூன்று வேளையும் தின்று, கதை அளந்து, மேலத்தெருப் பெண்ணைப் பற்றியும் பேசி... நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மேசைக்குப் போகவில்லை. மேல் தளத்தில் தனியாக ஏதோ நூடுல்ஸ். நல்லா இல்லை.

வைகாசி 23, வெள்ளி

புக்கெட். வெயில், புழுக்கம். எல்லோரும் இறங்கிப் போனார்கள், சுபாவைத் தவிர. அவள் ரூமைவிட்டு வரவில்லை. நான் மேல் தளத்தில் சாய்வு நாற்காலியில். கோபம் எதில் என்று எனக்கே பிடிபடவில்லை. ஆளுக வேறு என்பதா, என்னை முட்டாளாக்கினதா? இரண்டும். இரண்டாவது கொஞ்சம் கூட.

ஊரில் என்ன சொல்வார்கள்? பெரிய மச்சான் வீட்டுப் படி மிதிக்க மாட்டார். அது நிச்சயம்.

அண்ணாச்சி மட்டும் சீக்கிரம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன்.

"உங்களுக்கும் முந்தியே தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பொண்ணப் பெத்தவியட்ட அந்தப் பொண்ணுதான் சொல்லணும். நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்லா. அதான் சோத்துல கை வைக்கல. மேசை உங்க மக போட்டது. அப்ப அது பொண்ணு வீட்டுப் பந்திதான? நீங்க மனசாரத் தாரேன்னு சொல்லாம நான் எப்படிக் கை நனைக்கது? பந்தி முடிஞ்சப்பொறம் மேல வந்து நல்லாச் சாப்பிட்டுக்கிடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. இது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சோறு சாப்பிட மாட்டோம். காப்பி, பழம் ஆகும். நான் சுபா அம்மாவைப் பார்க்கப் போனபோதும் என் அப்பா காப்பியோடு எழுந்துவிட்டார். இத்தனை மரியாதையாக என் எதிரில் உட்கார்ந்திருந்தவரைச் சோற்றைக் கண்டால் ஓடுகிற ஆள் என்று கேலி பேசினேனே. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலமும் மேசைக்குப் போகவில்லை. ரூமில் யானை போய் இன்றைக்குத் துண்டில் குரங்கு. பிடித்து உதறிவிட்டேன்.

வைகாசி 24, சனி

முழு நாளும் கடல். கரை இல்லை, வேன் இல்லை, ஓட வேண்டியதும் இல்லை. இறங்கிப் போக ஒரு இடம் இல்லாதது பெரிய தொல்லை. எங்கே திரும்பினாலும் அவர்கள் யாராவது எதிரே வருகிறார்கள். பிரகாஷ் லிஃப்டில் என்னைப் பார்த்ததும் வெளியே போய்ப் படியில் ஏறினான்.

சுபா அம்மா என்னோடு பேசவில்லை. சுபா காலையில் ஒரு டீ, அவ்வளவுதான். கண் வீங்கியிருந்தது. "சாப்பிடு" என்றேன். "பசிக்கலப்பா." சின்ன வயசில் காய்ச்சல் வந்தால்கூட இவள் சாப்பாட்டை விட்டதில்லை.

ஆறு மணி தாண்டினதும் எனக்கு ரூமில் இருக்க முடியவில்லை. கடைசி நாள், ஒரு தடவை போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவோம் என்று இறங்கிப் போனேன். என்ன பேசுவது என்று தீர்மானம் இல்லை.

அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து. சோறு, மீன் குழம்பு. பார்த்ததும் சந்தோஷம்தான் முதலில், மனுஷன் சாப்பிடுகிறாரே என்று. நாற்காலியை இழுக்கிறபோதுதான் உறைத்தது.

"வாங்க தம்பி. மீன் நல்லாருக்கு."

"சாப்பிடுதீங்க?"

"இனிமே என்ன? நேத்து சாயங்காலம் உங்க மக இங்கன வந்து சொல்லிட்டுப் போயிட்டா. அப்பாவுக்கு மனசில்ல, அவியள மீறி நான் வர மாட்டேன், விட்டுருங்க மாமான்னு. சம்பந்தம் இல்லன்னு ஆனப்பொறம் இது வெறும் ஓட்டல் சோறுதான? சாப்பிட வேண்டியதுதான்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு முன்பே அவள் அம்மாவோடு வந்திருந்த சுபா குனிந்திருந்தாள். முந்தாநாளில் இருந்து நான் விரும்பினது இதுதானே, நடந்துவிட்டது. என் வார்த்தையைத் தாண்ட மாட்டாள் என்று சொன்னேன், தாண்டவில்லை. நான் வார்த்தையே சொல்லாமல் தாண்டவில்லை.

"கைய எடுங்க அண்ணாச்சி."

"என்ன தம்பி?"

"கைய எடுங்கங்கேன். நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே. பொண்ணப் பெத்தவன் பதில் சொல்லுததுக்கு முன்னால நீங்க எப்படிக் கை நனைக்கலாம்?"

சத்தம் கூடிவிட்டது. பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் திரும்பினார்கள். பரிமாறுகிறவன் மீனில்தான் ஏதோ கோளாறு என்று ஓடி வந்து, தட்டை எடுக்கவா என்று கேட்டான். எடு என்றேன்.

அண்ணாச்சி கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாலு வாய் போயிருச்சே தம்பி."

"அதக் கணக்குல சேக்க வேண்டாம்."

அவர் சம்சாரம் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிரகாஷ் எழுந்து நின்றுவிட்டான், உட்கார் என்று யாரும் சொல்லாததால் அப்படியே நின்றான். அண்ணாச்சி கை கழுவிவிட்டு வந்து காப்பி கேட்டார்.

"மொறையா ஊருக்கு வாங்க. எங்க வீட்டுல வந்து உக்காந்து கேளுங்க. பதில் அங்கன சொல்லுதேன்" என்றேன். சரி என்றார். என் தட்டும் வந்தது. நானும் தொடவில்லை. சுபா மட்டும் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினாள்.

ரூமுக்கு வந்தாச்சு. காலையில் சிங்கப்பூரில் இறங்க வேண்டும், பெட்டி இன்னும் கட்டவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு சுபா அம்மா பேசினாள். "என்ன பதில் சொல்லப் போறீங்க?"

குளத்தூர்க் கல்யாணச் சமையல்காரர் நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன்.