அந்தத் தோள் என்னுடையது

கைலாசபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கனிஷ்காவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் வாய்விட்டுச் சொல்கிறாள், நான் நினைப்பதோடு சரி. அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. உன் ரூமில் ஹீட்டர் போடும்போது ப்ளக்கைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் அந்தப் பாயிண்டில் போடாதே, ஹவுஸ் ஓனரிடம் சொல்லி மாற்றச் சொல்.

நீ அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. பெரியப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் கடிதங்களை எல்லாம் தேடிச் சேர்த்துப் புத்தகம் ஆக்குகிறாய், நல்ல காரியம். பெயர், ஊர் சரியா என்று மட்டும் பாருங்கப்பா என்றாய். அப்படிப் பார்க்க எனக்குத் தெரியாது. பாய்லர் குழாயில் வெல்டிங் வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே எங்கே ஓட்டை எங்கே விரிசல் என்று விளக்கில் வைத்துப் பார்ப்பது என் வேலை, மேலே எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் எனக்குக் கணக்கில்லை. இதையும் அப்படித்தான் படித்தேன்.

ஊரில் எல்லோருக்கும் என் அண்ணன் காத்தமுத்து என்றால் கவிஞர், சாது, எறும்பை மிதிக்க மாட்டார். எறும்பு விஷயம் உண்மைதான், உன் ஐந்தாம் வகுப்பில் எறும்பைப் பற்றியே நாலு பக்கம் எழுதி, நீ என்ன நினைக்கிறாய் என்று பெரிய மனுஷியிடம் கேட்பதுபோல உன்னிடம் கேட்டிருக்கிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடை வைத்திருக்கும் பீமராவுக்குத் தன் நெஞ்சுவலியைப் பற்றி எழுதியிருக்கிறார், தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று அடியில் ஒரு வரி. ஏன் தெரியக் கூடாது? எனக்கு அவர் ஆயுளில் எழுதியது ஒரே ஒரு கார்டு, அது உன் கட்டில் இல்லை, என்னிடம் இருக்கிறது. கிணற்று மோட்டாரில் காயில் கருகிவிட்டது, கடலைப் பயிர் காய்கிறது, ஞாயிற்றுக்கிழமை மருங்காபுரிக்கு வரவும். அவ்வளவுதான். போனேன், புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்தேன். உலகத்துக்கெல்லாம் கவிஞர், எனக்கு மட்டும் மோட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ரெண்டு வயதில் நாம் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் வாடகைக்கு இருந்தபோது காவிரியில் வெள்ளம் வந்தது, தெருவில் முட்டியளவு தண்ணீர், பஸ் ஆட்டோ ஒன்றும் இல்லை, உனக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு நடந்த கதையைப் பெரியப்பா உனக்கு எழுதியிருக்கிறார். 'நான் நடந்தேன்' என்று எழுதியிருக்கிறார். நீ முன்னுரையில் 'என்னைச் சுமந்த அந்தத் தோளுக்கு இந்தப் புத்தகம்' என்று போட்டிருக்கிறாய்.

கனிஷ்கா, அன்றைக்கு அவர் மருங்காபுரியில் கூட்டுறவு பேங்கில் உட்கார்ந்திருந்தார். நடந்தவன் நான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த பூத்திலிருந்து அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பிள்ளை பிழைத்துவிட்டது, வைக்கிறேன் அண்ணே என்றால் விடவில்லை, அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் எதுவரை, பிள்ளை அழுததா, கை எங்கே இருந்தது என்றெல்லாம் கேட்டார். எரிச்சலில் நானும் சொல்லித் தொலைத்தேன், வழியெல்லாம் என் காதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள் என்று. அந்தக் காதும் கடிதத்தில் இருக்கிறது. அவர் காதாக இருக்கிறது.

அம்மாவிடம் காட்டிக் கத்தினேன். அவள் படித்துவிட்டு, "நீங்க ஒரு நாளாவது இதை அவகிட்ட சொல்லியிருக்கீங்களா? அவரு சொன்னாரு. பிள்ளை சொன்னவரைத்தானே நம்பும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். தூக்கினவன் எதற்குச் சொல்ல வேண்டும், தூக்கியதே போதாதா? அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. செத்துப்போன அண்ணன் மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரியாமல் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், நடந்த எனக்கே இப்போதுதான் அந்தப் பாலத்தின் சத்தம் கேட்கிறது. அதுதான் இன்னும் எரிகிறது.

எங்கள் பேக்டரி ஷாப்பில் பழுது தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்டு வைப்போம். இதில் வெட்டாதே. அவர் எழுதியது எழுதியபடி இருக்கட்டும், அது அவர் குணம், பிடித்ததை எல்லாம் தனதாக்கிக்கொள்வார், உன்னையும் சேர்த்து. உன் முன்னுரையில் மட்டும் அந்த ஒரு வரியை மாற்று. அதில் எனக்கு நன்றி எல்லாம் வேண்டாம், ஆள் யார் என்று இருந்தால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ. நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்க எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய், இதைப் படித்ததும் போன் பண்ணிச் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே. பேப்பரில், உன் கையால், பெரியப்பாவுக்கு எழுதிய அளவுக்கு எழுது. எறும்பைப் பற்றி இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு, நீ இடது காதைப் பிடித்துக்கொண்டு வந்த
உன் அப்பா
அன்புச்செல்வன்