ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே

ஜூன் 7, சனி

முன்பு மூன்றாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல எத்தனை நம்பர் இருக்கு?" ஒன்றுமில்லை, உட்கார் என்று சொல்லியிருக்கலாம். நான் சாக்பீஸை எடுத்து ஒன்பதேகால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால் என்று எழுத ஆரம்பித்து, மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. அதன் பலன் இன்று மைதானத்தில் கிடைத்தது.

மகளுடைய ஃபிரிஸ்பி அணியில் இப்போது நானும் உண்டு. வார இறுதிகளில் நடக்கும் இந்தப் போட்டிகளில் ஒரு விதி: களத்தில் நிற்கும் ஏழு பேரில் ஒருவராவது அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும். ஆள் தேடி மகள் வீட்டுக்கு வந்தபோது இவர் சட்டென்று கண்ணை மூடிக் குறட்டை விட்டார். நின்றுகொண்டே. மாட்டியது நான்.

ஆட்டம் எளிது. பறந்து வரும் ஃபிரிஸ்பித் தட்டைப் பிடித்தவர் ஓடக்கூடாது. நின்ற இடத்திலிருந்து தன் ஆளுக்கு எறிய வேண்டும். எதிர்முனையின் கடைசிக் கட்டத்துக்குள் தன் ஆள் பிடித்தால் பாயிண்ட். எதிரணியில் ஒருவர் முன்னால் நின்று கையை விரித்து மறித்தபடி ஒன்றிலிருந்து பத்துவரை உரக்க எண்ணுவார். பத்துக்குள் எறியாவிட்டால் தட்டு கைமாறும். நடுவர் கிடையாது. எண்ணுவதும் நாமே, நியாயம் பேசுவதும் நாமே.

இன்று ஒரு தாடிக்காரரை மறித்தேன். "எட்டு... ஒன்பது..." மனுஷர் முழித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. "ஒன்பதேகால்... ஒன்பதரை... சீக்கிரம்ப்பா... ஒன்பதே முக்கால்..." எறிந்துவிட்டார். அவர்களுக்குப் பாயிண்ட்.

பத்து எண்ணுவதற்குள் நோட்டை மூட வேண்டும் என்று எத்தனை வகுப்பில் மிரட்டியிருப்பேன். ஒரு வகுப்பிலாவது பத்து சொன்னேனா?

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் அதே கதை. இந்தத் தடவை எறிந்தவள் போகும்போது "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். எங்கள் அணியில் யாரும் என்னோடு பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

கேப்டன் பல் டாக்டர். கூப்பிட்டு உட்கார வைத்தாள். கொஞ்சம்தான் வலிக்கும் என்று நோயாளியிடம் சொல்வாளே, அந்தக் குரல்.

"டீச்சர், நீங்க நல்லா ஓடுறீங்க. நல்லா பிடிக்கிறீங்க."

"ஆனா?"

"இன்னொரு தடவை ஒன்பதரை வந்துச்சுன்னா, உங்களுக்குப் பதிலா நீச்சல் மாஸ்டரை இறக்கிடுவேன். அவருக்கும் அறுபத்திரண்டு."

தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன, ஒரு தட்டுக்காகவா? இந்த வயதில்? ஆமா, தட்டுக்காகத்தான். புல்தரையில் விழுந்து எழுந்தால் கை தட்டுறாங்க. வீட்ல விழுந்தா ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறாங்க.

ஜூன் 14, சனி

போட்டி இல்லை. வீட்டிலேயே பயிற்சி. பத்து எண்ணி அடுப்பை அணைப்பது என்று பாலின் முன்னால் நின்றேன். ஒன்பதரையில் பொங்கிவிட்டது.

பிறகு இவரைக் குப்பை வெளியே வைக்கச் சொல்லி எண்ணினேன். ஒன்பது வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "உனக்குப் பத்து வராதுடி" என்று பேப்பரைத் திருப்பினார்.

ஜூன் 20, வெள்ளி

நாளைக்கு எதிரணியின் அறுபது தாண்டியவர் யார் என்று இன்றுதான் தெரிந்தது. சம்பந்தி. மகளின் மாமனார். ஓய்வுபெற்ற சர்வேயர், எதையும் அளக்காமல் முடிவெடுக்க மாட்டார். ஷூ லேஸ் வாங்கப் போய், கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியும் கறுப்பா பழுப்பா என்று குனிந்தபடி யோசித்தவர்.

போனில் ஒரே உற்சாகம். "சம்பந்தியம்மா, உங்க ஒன்பதரையைப் பத்திக் கேள்விப்பட்டேன். எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

மாப்பிள்ளை வாயில் எதுவும் தங்காது.

ஜூன் 21, சனி



இருபக்கமும் பதினாலு பாயிண்ட். அடுத்த பாயிண்ட் எடுப்பவருக்கு வெற்றி. மாப்பிள்ளை அப்பா பக்கமா பெண்டாட்டி பக்கமா என்று தெரியாமல் நடுக்கோட்டுக்கு நேராகக் குடை பிடித்து நின்றார். கோட்டுக்கு வெளியே நீச்சல் மாஸ்டர் கைகாலை உதறிக்கொண்டிருந்தார்.

தட்டு சம்பந்தி கைக்கு வந்தது. மறிக்க வேண்டியது நான்.

"ஒன்று. இரண்டு." அவர் காற்றைப் பார்த்தார். "நாலு. ஐந்து." இடப்பக்கம் மறிக்க ஆளே இல்லாமல் அவர்கள் அணிக்காரர் ஒருவர் கை தூக்கிக் கத்தினார். சம்பந்தி அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தார். "எட்டு. ஒன்பது."

என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷர். மூட்டுவலிக்கு மருந்து வாங்கி வந்து கொடுத்தவர். ஒன்பதேகால் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"பத்து."

சிரிப்பு அப்படியே நின்றது. "ஒன்பதரை எங்கம்மா?"

"இல்ல சம்பந்தி."

"கால்கூட இல்லையா? நான் அதை நம்பித்தானே நின்னேன்."

நடுவர் இல்லாத ஆட்டம். அவர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. மற்ற எல்லோரும் காத்திருக்க, சம்பந்தி யோசித்தார். புல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அவர்கள் அணியில் ஒருவர் உட்கார்ந்தே விட்டார். கடைசியில் தட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"பத்துன்னா பத்துதான். ஆனா இதை மொதல்லயே பழகியிருக்கலாம். உங்களுக்குப் பத்து வராதுன்னு நம்பி என் பையன் என்கிட்ட பந்தயமே கட்டலை."

அங்கிருந்து மூன்று எறி. மகள் கடைசிக் கட்டத்துக்குள் குப்புறப் பாய்ந்து பிடித்தாள். எழுந்து நேரே என்னிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் மண்.

"அம்மா, நீ பத்து சொன்னே."

"எனக்கே கேட்டுச்சு."

பல் டாக்டர் பக்கத்தில் வந்து, "வலிக்கலையே டீச்சர்?" என்றாள். நீச்சல் மாஸ்டர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஜூன் 28, சனி

காலையில் சம்பந்தி வந்தார். காபியா டீயா என்று கேட்டேன். நாற்காலியில் சாய்ந்து யோசிக்க ஆரம்பித்தார். "ஒன்று" என்றேன். மூன்று வருவதற்குள் "காபி, காபி" என்றார். எண்ணுவதை நான் நிறுத்தவில்லை. எட்டு சொன்னபோது இவர் குப்பைக்கூடையோடு வாசலில் இருந்தார். குப்பை வைக்கச் சொல்லி இவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

அந்த மூன்றாம் வகுப்புக்காரிக்கு நான் சொன்ன பதில் சரிதான். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே எண்கள் ஏராளம். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான். எடுத்துக்காட்டு: சம்பந்தி, காபி.

இந்தப் பக்கத்தை யார் புரட்டினாலும் வீட்டில் ஒரு தடவை செய்து பார்க்கட்டும்: ஒன்பது சொல், உதட்டைக் கடி, பத்து சொல்.