வெளியே போகிற வியாதி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம். அங்கே நீயும் மருமகளும் பேத்தி சிட்டுவும் சுகமா என்று கேட்கிறேன், ஆனால் சுகம்தான்பா என்று வழக்கம்போல ஒரே மூச்சில் முடிக்கிற பதில் வேண்டாம், இதைக் கடைசிவரை படித்துவிட்டுச் சொல். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் வயிறு என்று ஆரம்பித்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. தவிர, நீ போனை ஸ்பீக்கரில் போட்டு சமையல் மேடையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறவன். மருமகள் காதில் விழ இதையெல்லாம் என்னால் சொல்ல முடியாது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படி.

விஷயம் இதுதான். என் வியாதிக்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்துவிட்டது. இதுவரை ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தீர்கள். நீ வைத்தது டென்ஷன். நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூலில் எனக்கே வைத்த பெயர் அவசரம், அவசரம் வந்தாச்சா, அவசரம் எங்கே என்றுதான் கேட்பார்கள், முதலாளி உட்பட. ஊரில் எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் திறந்திருக்கும், எங்கே தண்ணீர் வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களை அந்த வழியாகவே சுற்றவிடுவேன். போன மழைக்காலத்தில் பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மாவுக்குப் பாடம். ரவுண்டானாவில் எனக்கு வயிற்றைப் பிசைந்துகொண்டு வந்தது, ஓரமாக நிறுத்துங்கம்மா என்றேன், நிறுத்த நீங்க இன்னும் சொல்லித் தரலையே சார் என்று அவர் பதறிப் பதறிச் சுற்றிக்கொண்டே இருந்தார். என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன், அவ்வளவுதான், வண்டி நின்றது, வயிறு நிற்கவில்லை. அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடம்புக்கு முடியாதது யாருக்கும் வரும் சார் என்று சொன்னார், அதை நான் மறக்கவில்லை. முதலாளி சீட் கவரை மாற்றச் சொன்னார், மறுநாள் என்னையும் மாற்றினார். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

நீ லீவில் வந்தபோது ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாயே, அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். அந்த அறையின் குளிரும் கண்ணாடி மேஜையும் அவர் பேசிய பட்டணத்துத் தமிழும் சேர்ந்து, எனக்கு நாக்கு எழவில்லை. நம் வீட்டில் சொல்கிற மாதிரியே, அடிக்கடி வெளிய போறேன் டாக்டர், அடக்கவே முடியல என்று சொன்னேன். அவர் சிரித்தார். இந்த வயசுல எதுக்குங்க இப்படிச் சுத்துறீங்க, வெளிய போனா கண்டதையும் தின்னத்தான் தோணும், வீட்டோட இருந்து ரொட்டி, ரஸ்க்குன்னு லேசா சாப்பிடுங்க, வயித்துக்கு இதமா இருக்கும் என்றார். அவருக்குப் புரியவில்லை, அவர் மேல் எனக்குக் கோபம் பாதிதான். உனக்குப் புரிந்தது. அந்த வார்த்தையைப் பேசித்தான் நீ வளர்ந்தாய். பேதி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நீ சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குச் சொல்ல வாய் வராது என்றுதானே உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். படி இறங்கும்போது, டாக்டர் சொன்னா சரியாத்தான்பா இருக்கும், உங்களுக்கு எல்லாமே டென்ஷன் என்று தோளைத் தட்டிக்கொடுத்தாய் பார், அதுதான் இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு உன் அம்மா சோற்றைக் குறைத்து, காலையில் பாலில் ரஸ்க், மத்தியானம் ரொட்டி, ராத்திரி கோதுமைக் கஞ்சி என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். பேதி நிற்கவில்லை, தூக்கத்திலிருந்து எழுப்பியது. சட்டையெல்லாம் யாரோ அண்ணனுடையதை மாட்டிக்கொண்ட மாதிரி தொளதொளத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் தர்ம ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, நான் வெளியே என்று இழுத்ததுமே, பேதியா, தண்ணியாப் போகுதா, எண்ணெய் மிதக்குதா, ரத்தம் வருதா, எடை குறைஞ்சுதா என்று சந்தைக்கடையில் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் என் குடல் தெரிந்துவிட்டது. வெட்கம் போனது, வியாதியும் பிடிபட்டது. ரத்தம் எடுத்தார்கள், பிறகு குழாய் விட்டுப் பார்த்துத் துளி சதையும் எடுத்தார்கள். சீலியாக் என்று பெயராம். கோதுமை, பார்லி இதிலெல்லாம் இருக்கிற ஒரு சத்து என் உடம்புக்குப் பகை. அது உள்ளே போகப் போகக் குடலின் உள்பக்கம் தேய்ந்து மழுங்கிவிடுமாம், தின்றது ஒட்டாதாம், ரத்தமும் ஊறாதாம். ஆக, வயிற்றுக்கு இதம் என்று ஊட்டியதுதான் என்னைத் தின்றிருக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா, என் கையாலேயே கொடுத்தேனே என்று புலம்புகிறாள், ரொட்டிக்காரன் மணியடித்தால் கதவைச் சாத்துகிறாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நீயாவது ஒரு வார்த்தை போனில் சொல். மாத்திரையால் தீர்கிற வியாதி இல்லை இது, சாகும்வரை கோதுமை வாசலோடு சரி. பிஸ்கட்டும் கிடையாது, கடையில் வாங்குகிற சாஸில்கூடக் கலந்திருக்கும் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். கோதுமையை விட்டுச் சில வாரம் ஆகிறது, பேதி அடங்கி வருகிறது, வயிறு கத்தாமல் தூங்குகிறேன். வேலை மட்டும் திரும்பி வராது.

என் கதை போகட்டும். இது ரத்த உறவு வழியாக வருமாம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். எனக்கு உடனே சிட்டு ஞாபகம்தான். போன வாரம் வீடியோவில் அவள் நின்றபோது பார்த்தேன், கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பல். முந்தின வருஷம் அம்மா தைத்து அனுப்பிய கவுன் இன்னும் அவளுக்குத் தொளதொள. வகுப்பில் உட்கார முடியாமல் ஓடுகிறாள், உடுப்பிலேயே போய்விட்டு அழுகிறாள் என்று மருமகள் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நீ என்ன சொன்னாய் என்பதும் என் காதுக்கு வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க அடம், எல்லாம் நெர்வஸ் என்றாயாம். எனக்கு டென்ஷன், அவளுக்கு நெர்வஸ். உன் வாயிலிருந்து குடும்பத்துக்கே ஒரே வைத்தியம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, தேய்ந்தது தேய்ந்ததுதான். அவள் வளர வேண்டிய பிள்ளையடா.

உன்னை எனக்குத் தெரியும், இதைப் படித்ததும் நாளைக்கே வீட்டிலிருக்கிற ரொட்டியையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் பிரச்சினை முடிந்தது என்பாய். அதைச் செய்யாதே. கோதுமையை நிறுத்திவிட்டால் ரத்தத்தில் ஒன்றும் காட்டாது, வியாதி இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். வழக்கப்படி சாப்பிடக் கொடுத்துக்கொண்டே, தள்ளிப்போடாமல், குழந்தையைக் கூட்டிப்போய்ச் சோதனை செய். உனக்கும் எடுத்துக்கொள். சோதனையில் வேறு ஏதாவது வந்தால் வரட்டும், என்னவென்று தெரிந்தால் சரி. இடையில் ரொம்பப் போனால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. உன் ஆபீஸ் ஓடிப்போகாது.

மருமகளுக்கும் சிட்டுவுக்கும் எங்கள் இருவருடைய முழு ஆசீர்வாதமும், குழந்தைக்கு உன் அம்மாவின் முத்தமும். உனக்கு உரியதை நான் இப்போது அனுப்பவில்லை. குழந்தையின் ரத்தத்தில் என்ன வந்தது என்று எழுது, அன்றைக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா