முன்னால் உட்கார்ந்து பேசுகிறவள்

ஜூன் 8, திங்கள்

எடை பார்த்தேன். நாற்பத்திரண்டு. ஒரு மாதமாக வாழைப்பழமும் பாலுமாக மூக்கு முட்டத் தின்றதற்கு அரைக் கிலோதான் ஏறியிருக்கிறது. எல்லாம் எங்கேதான் போகிறது? "பேசிப் பேசியே கரைச்சுடுற" என்கிறாள் அம்மா.

கோச் எனக்கு வைத்த பெயர் கொசு. எங்கள் பாய்மரப் படகில் இரண்டே பேர். பின்னால் அக்கா சுக்கான் பிடிப்பாள். முன்னால் நான். இடுப்பில் கொக்கி மாட்டி, கம்பியில் வெளியே தொங்கி, படகு சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு, காற்று எங்கிருந்து வருகிறது என்று ஓயாமல் சொல்லவும் வேண்டும். அக்காவின் கண் பாயில் இருக்கும், என் கண் தண்ணீரில். வீட்டில் எதற்குத் திட்டு வாங்குகிறேனோ, படகில் அதுதான் என் வேலை.

புதன்கிழமை போட்டி ஆரம்பம். நான்கு நாள். முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாம்.

ஜூன் 10, புதன்

பேய்க்காற்று. இரண்டு முறை கவிழ்ந்தோம். இரண்டாவது முறை பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டேன். அக்கா என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப ஏறு."

பதினோராவது இடம். என்னால்தான். இன்னும் பத்துக் கிலோ இருந்திருந்தால் படகு நிமிர்ந்திருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

ஜூன் 11, வியாழன்

காற்று அடங்கியதில் ஏழாவது இடத்துக்கு ஏறிவிட்டோம். சந்தோஷப்பட வேண்டிய நாள்.

கரையில் படகைச் சாய்த்து வைத்து, அதற்குப் பின்னால் குனிந்து அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியாமல் கோச் அக்காவிடம் பேசினார்.

"அஞ்சுக்குள்ள வந்துட்டா உன்னை அனுப்பிடுவாங்க. ஆனா அங்க அடிக்கிற காத்துக்குக் கொசு தாங்க மாட்டா. முன்னால உக்கார்ற ஆளை நீ மாத்திக்கலாம். நெட்டையை வச்சுப் பழகு."

நெட்டை எங்கள் கிளப்பிலேயே உயரமான பெண். அறுபது கிலோ இருப்பாள்.

அக்கா கொஞ்சமாவது யோசிப்பாள் என்று நினைத்தேன். "சரி சார்" என்றாள். அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஒரே படகில் நனைந்திருக்கிறோம். ஒரு 'ஆனா' கூடவா வாயில் வரவில்லை?

வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். என் தட்டில் இருந்த முட்டையை எடுத்து அக்காவே தின்றாள்.

ஜூன் 12, வெள்ளி

இன்று நான் பேசவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. தண்ணீரில் கறுப்புத் திட்டாகக் காற்று ஓடி வருவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். படகு சடாரென்று சாய்ந்தது.

"என்னடி, தூங்குறியா? காத்து எங்கன்னு சொல்லேன்!"

"நீயே பாத்துக்கோ."

எப்படியோ இன்னும் ஏழாவது இடத்தில்தான் இருக்கிறோம். நாளை ஒரே பந்தயம் பாக்கி. அதில் இரண்டாவதாகவாவது வந்தால்தான் ஐந்தாவது இடம் கிடைக்கும்.

தலை துவட்டும்போது அக்கா கேட்டாள். "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?" இல்லை என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம் அவள்.

நாளையும் வாயை மூடிக்கொண்டால் போதும். தோற்றுவிடுவோம். அக்கா எங்கேயும் போக மாட்டாள் — சீ, என்ன புத்தி எனக்கு! ஆனால் மனசு சுற்றிச் சுற்றி அங்கேயேதான் போய் நிற்கிறது.

ஜூன் 13, சனி

காற்றே இல்லை. இப்படிப்பட்ட நாளில் எடை குறைந்த படகுதான் நகரும். கொசுவுக்கு ஏற்ற நாள். நான்காவதாகப் போய்க்கொண்டிருந்தோம்.

வலது பக்கம், தூரத்தில், கையகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. வேறு யாரும் பார்க்கவில்லை. அக்கா இடது பக்கம் போவதற்கே தயாராக இருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகட்டும், போகட்டும் என்று.

திரும்பிப் பார்த்தேன். உப்பில் வெடித்த உதட்டைக் கடித்தபடி பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அவ்வளவு நடந்த பிறகும் ஒருமுறைகூடத் தண்ணீர்ப் பக்கம் பார்க்கவில்லை. அதற்கு நான் இருக்கிறேன் என்று.

"வலது பக்கம்."

"என்ன?"

"காத்து வலது பக்கம் வருது. திருப்பு, இப்பவே திருப்பு!"

அப்புறம் என் வாய் நிற்கவே இல்லை. இரண்டாவதாக வந்தோம்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இரண்டும் ஒரே அழுகை என்று நினைத்து அம்மா போட்டோ எடுத்தாள்.

ஜூன் 17, புதன்

ஒருவழியாக அக்கா நெட்டை விஷயத்தைச் சொன்னாள். தெரியும் என்றேன்.

"எப்பலேருந்து?"

"வியாழக்கிழமையிலேருந்து."

அப்படியென்றால் சனிக்கிழமை... என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். போக மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஜூலை 2, வியாழன்

என் கொக்கி பெல்ட் நெட்டைக்குப் பத்தவில்லை. அற்பச் சந்தோஷம்.

ஜூலை 26, ஞாயிறு

நாற்பத்திரண்டரை. இனிமேல் ஏறி என்ன ஆகப்போகிறது?

துணி எடுக்க மாடிக்குப் போனபோது அக்கா போன் செய்தாள். அங்கே போட்டியின் முதல் நாள் முடிந்துவிட்டதாம். "நெட்டை நல்லாத்தான் தொங்குறா. படகு சாயவே இல்ல. ஆனா வாயே திறக்க மாட்டேங்குறாடி."

நான் கொடியிலிருந்து கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏதாச்சும் பேசேன்."

"என்ன பேச?"

"எதையாவது பேசு."

எனக்கு என்ன தெரியும்? கண்ணில் பட்டதைச் சொன்னேன். "எதிர்வீட்டுக் கொடியில துணி ஆடுது. அடுத்தது நம்ம வீட்டுக்குத்தான். வருது... வருது... இப்ப."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னும் சொல்லு" என்றாள்.

காற்று நின்றுவிட்டிருந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.