இடது பக்க இருக்கை

14 அக்டோபர் 2024, திங்கள்

புது நோட்டு. எழுத வேண்டியவை, வரிசையாக:

1. தேவிகா கேட்டது என்ன, நான் சொன்னது என்ன.
2. ராலியின் விதிகள்.
3. வேறு ஆள் கிடைக்காததால்தான் என்னைக் கேட்டாள் என்ற உண்மை. (மறக்கக் கூடாது.)
4. என்னால் நேரக்கூடிய தவறுகள்.
5. விலகுவதென்றால் எந்தத் தேதிக்குள்.

முதல் எண். காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் தேவிகா எதிரே வந்து உட்கார்ந்தாள். காரைக்குடியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். மூன்று வருடமாக ராலி எனப்படும் மண் பாதைக் கார்ப் பந்தயங்களிலும் ஓட்டுகிறாள். நவம்பர் 24 நெற்குப்பைப் பக்கம் நடக்கும் ராலிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிவந்த பூஜா, வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். தனியாக ஓட்ட அனுமதி இல்லை.

"வேற ஆளே இல்ல மாமா. நீங்க வாரீகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவி சோலையம்மாள் சிரித்தாள். "நான் ஓட்டுற ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தாலே 'மெதுவா, மெதுவா'ன்னு முதுகைப் பிராண்டுற மனுசன். இவுகளக் கூட்டிக்கிட்டு நீ காட்டுக்குள்ள போகப் போறியா ஆத்தா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொதுப்பணித்துறையில் முப்பத்து மூன்று வருடம் எல்லாக் கேள்விக்கும் இந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். தேவிகா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

இரண்டாம் எண். பதினெட்டு கிலோமீட்டர் காட்டுப் பாதையை மற்ற வண்டிகள் வராமல் மூடிவிடுவார்கள். அதை ஸ்டேஜ் என்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு காராக விடுவார்கள். அதே பாதையில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் மொத்தத் தாமதம் முப்பது நிமிடத்தைத் தாண்டினால் வெளியே. தேவிகாவுக்கு ஜெயிக்க வேண்டியதில்லை, முடித்தால் போதும். முடித்தவர்களுக்குக் கோவையில் பயிற்சி முகாம். அங்கிருந்துதான் பெரிய பந்தயங்களுக்குப் போக வழி. சென்ற வருடம் கடைசி மூன்று கிலோமீட்டரில் சேற்றில் நின்றுவிட்டாள். முகாமுக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

மற்ற எண்கள் பிறகு. கை வலிக்கிறது.

16 அக்டோபர், புதன்

ரத்த அழுத்தம் 138/86. டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். மறுப்பார் என்று நம்பியிருந்தேன்.

20 அக்டோபர், ஞாயிறு

கொத்தமங்கலத்துக்கு அப்பால் தைல மரக் காட்டில் முதல் பயிற்சி. பழைய சின்னக் கார். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு உள்ளே இரும்புக் குழாய்க் கூடு வைத்திருக்கிறார்கள். தலைக்கவசத்துக்குள் மைக் இருக்கிறது. நான் பேசினால் அவள் காதில் விழும்.

முதலில் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவையும் குறித்துக்கொண்டேன். பிறகு அவள் வேகமாக ஓட்ட, நான் வாசித்தேன்: "முந்நூறு மீட்டர் சென்றபின் வலப்புறம் ஒரு வளைவு உள்ளது. மிதமானது எனக் கருதலாம். எனினும்—"

கார் கருவேல முள்ளுக்குள் நின்றது.

தேவிகா கோபப்படவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த கிளையை விலக்கிக்கொண்டே, "எனினும் வாரதுக்குள்ள முள்ளு வந்துருச்சு மாமா" என்றாள்.

கார் வேலை பார்க்கும் முத்துவீரன் கதவில் விழுந்த கீறல்களைத் தடவிப் பார்த்தார். "என்ன சார், வண்டிக்குக் காது குத்திக் கூட்டியாந்திருக்கீக?" ஐம்பது வயது மனிதர், பத்துப் பன்னிரண்டு ராலிகளில் வழி சொல்லியும் போயிருக்கிறாராம். அவர் முன்னால் கூச்சமாக இருந்தது.

21 அக்டோபர், திங்கள்

குறிப்பு எழுதுவதைப் புதிதாகக் கற்கிறேன். ஒரு வளைவுக்கு மூன்று சொல்: பக்கம், அளவு, அடுத்த வளைவுக்கு உள்ள தூரம். "வலது மூணு, எண்பது." ஒன்று என்றால் அநேகமாக நின்று திரும்ப வேண்டும். ஐந்து என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டாம்.

என் பணிக்காலத்துக் குறிப்புகள் எல்லாம் 'தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடியும். முடிவு எப்போதும் மேலே இருக்கும் யாரோ ஒருவருடையது. இங்கே மேலே யாரும் இல்லை. காரின் கூரைதான் இருக்கிறது.

நாலாம் எண்ணுக்குத் தனித்தாள் எடுத்தேன். பதினேழு தவறுகள் வந்தன.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. கத்தாரிலிருந்து மகன் பாண்டிமுருகன் பேசினான். அவன் மனைவி காரில் நான் உட்காரப் போவதைச் சொன்னேன். "அப்பா, பெல்ட்ட நல்லா இறுக்கிக் கட்டிக்கங்க" என்றான்.

16 நவம்பர், சனி

இன்று பாதையைப் பார்க்க விட்டார்கள். வேகம் முப்பதுக்குள். பதினெட்டு கிலோமீட்டருக்கு 142 குறிப்புகள்.

பதினோராவது கிலோமீட்டரில் ஒரு தரைப்பாலம். கண்டதும், நிறுத்தம்மா என்றேன். 1997-இல் என் மேற்பார்வையில் கட்டியது. இருபக்கமும் இரண்டடி உயரத்தில் அடையாளக் கற்கள் நட வேண்டும் என்று நான்தான் குறிப்பு வைத்தேன். மேலிடம் திருத்தாமல் ஒப்புக்கொண்ட மிகச் சில குறிப்புகளில் ஒன்று. கற்கள் இருக்கின்றன. வெள்ளைச் சுண்ணாம்பு போய்விட்டது. பாலத்துக்கு வலப்பக்கம் கண்மாய், பாதிக்கு மேல் தண்ணீர்.

"நீங்க கட்டுனதா மாமா?" என்று கேட்டாள். நான் மேற்பார்வைதான் என்றேன். "அப்ப நீங்கதான்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

17 நவம்பர், ஞாயிறு

ஐந்தாம் எண். விலகக் கடைசி நாள் நாளை. 142 குறிப்புகளில் ஒன்று தப்பினாலும் அவள் வருடம் போய்விடும். மாலையில், சொல்லிவிடுவது என்று முத்துவீரனின் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன்.

காரின் இரண்டு பக்கமும் எங்கள் பெயரை ஒட்டியிருந்தார்கள். தேவிகா, ஏ பாசிட்டிவ். குருநாதன், ஓ பாசிட்டிவ். பெயருக்குப் பக்கத்தில் ரத்த வகை எதற்கு என்று கேட்கவில்லை. தெரிகிறது.

தேவிகா தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கரின் ஓரத்தைத் துணியால் அழுத்திக்கொண்டிருந்தாள். "எழுத்து சரியா இருக்கா மாமா?" என்றாள். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

23 நவம்பர், சனி

மூன்று நாளாக மழை. ராலி நடக்குமாம்.

24 நவம்பர், ஞாயிறு. பகல் 12.20, சர்வீஸ் இடம்

முதல் ஓட்டம் முடிந்தது. முடிந்தது என்றா சொல்வது?

பத்தாவது கிலோமீட்டர் வரை எல்லாம் சரியாக வந்தது. செம்மண் குழம்பாகிக் கண்ணாடியில் அறைகிறது, துடைப்பான் ஒன்று பிய்ந்துபோனது, ஆனாலும் நான் சொல்லச் சொல்ல அவள் திரும்பினாள். தரைப்பாலம் தெரிந்தது. மேலே தண்ணீர். கறுப்புச் சிவப்பாக— நிறுத்து என்று கத்திவிட்டேன். அவள் நிறுத்தினாள். கார் சறுக்கிச் சுற்றிக் கரைக் கல்லில் ஏறி, அடியில் என்னமோ கிழிந்தது. சைலன்சர்.

தண்ணீர் இரண்டு அங்குலம். இரண்டே அங்குலம். நான் கற்களைப் பார்க்கவே இல்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தேன், பயந்தேன், கத்தினேன். பின்னால் வந்த கார் சளசளவென்று கடந்து போனது.

ஆன தாமதம் ஏற்கெனவே பதினாறு நிமிடம். மிச்சம் பதினாலு.

முத்துவீரன் மல்லாந்து படுத்துக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார். "சைலன்சரு இனிமே ஆகாது சார். சத்தமாத்தான் போவீக. நல்லதுதான், மாடு தூரத்துலயே ஒதுங்கிரும்." சத்தத்தில் மைக்கும் கேட்காதாம், கத்தித்தான் சொல்ல வேண்டுமாம்.

தேவிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். "நிப்பாட்டச் சொன்னதுக்கு வருத்தமில்ல மாமா. யாருக்கும் வாரதுதான். அதுக்கப்புறம் ஏழு கிலோமீட்டரு நீங்க வாயவே தொறக்கல. நான் கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுனேன்."

உண்மை. காகிதம் மடியில் இருந்தது. ஒரு வரி படிக்கவில்லை.

என்ன செய்வது. நான் இறங்கினால் அவளும் இறங்க வேண்டும். கூப்பிடுகிறார்கள்.

25 நவம்பர், திங்கள்

தொண்டையில் குரல் இல்லை. எழுத மட்டும் முடிகிறது. நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டாம் ஓட்டம். சைலன்சர் இல்லாத சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதல் வளைவில் சாதாரணமாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டி, காதைக் காட்டினாள். அடுத்ததைக் கத்தினேன். வீட்டில், அலுவலகத்தில், எங்கேயும் நான் யாரையும் பார்த்துக் கத்தியதில்லை. "இடது ரெண்டு! நாப்பது! வலது நாலு!" அவள் ஒவ்வொன்றுக்கும் திரும்பினாள். நாலாவது கிலோமீட்டரில் கீழே விழுந்த முன் பம்பரை எடுத்து, பின் இருக்கை இருந்த இடத்தில் போட்டுக்கொண்டோம். ஏழாவதில் முன் வலது சக்கரம் தள்ளாட ஆரம்பித்தது.

தரைப்பாலம். மழை விடவில்லை, காலையில் இருந்ததைவிடத் தண்ணீர் ஏறியிருந்தது. பாலத்தின் விளிம்பே தெரியவில்லை. எங்களுக்கு முன் போன இரண்டு கார்கள் கரையில் நின்றிருந்தன. ஓட்டிகள் இறங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தயக் காவலர் குடைக்குள்ளிருந்து கையை விரித்தார். "போறதும் போகாததும் உங்க இஷ்டம். இன்னும் ஏறுனா மூடிருவோம்."

தேவிகா காரை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

பயமாகத்தான் இருந்தது, காலையில் இருந்ததைவிட அதிகமாக. ஆனால் இந்தத் தடவை பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடப்பக்கக் கற்கள் ஒன்பதும் தெரிந்தன. இரண்டடிக் கல்லில் ஓரடிக்கு மேல் வெளியே. ஆகவே தண்ணீர் ஓரடிக்குள். தண்ணீர் மேலே தைல மர இலைகள் மிதந்தன. ஒரு இலையைப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினேன். நகரவில்லை. இது ஓடும் தண்ணீர் இல்லை, கண்மாய் நிறைந்து பின்னேறி நிற்கும் தண்ணீர். தளம் பன்னிரண்டு அடி அகலம், ஒன்றரை அடி கனத்தில் கான்கிரீட். அது அப்படியே இருக்குமா? இருபத்தேழு வருடம். மேற்பார்வை நான்தான். காலையில் இருபது கார் போயிருக்கிறது.

"போ" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. கத்தினேன். "போ! மொத கியர்! இடது கல்ல ஒட்டி நேரா! காலை எடுக்காதே!"

போனாள். தண்ணீர் கதவின் அடியில் தட்டியது. என் செருப்பு— ஷூ— நனைந்தது. கற்களை எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. முன் சக்கரம் மண்ணில் ஏறியது. திரும்பிப் பார்க்க நேரமில்லை, வலது மூணு இருந்தது.

கடைசி நாலு கிலோமீட்டர் இரண்டாம் கியரிலேயே வந்தோம். வேறு எந்த கியரும் விழவில்லை. சக்கரத்தின் ஆட்டத்தில் பல்லோடு பல் மோதியது. சென்ற வருடம் அவள் நின்ற இடம் எதுவென்று எனக்குத் தெரியாது. நடுவில் ஓரிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்ததைப் பார்த்தேன். "நேரா, நூத்தைம்பது, நல்ல தரை" என்று கத்தினேன். நல்ல தரைதான். பாதை பார்க்கப் போன அன்றே இறங்கி மிதித்துப் பார்த்திருந்தேன்.

இருபத்தாறு கார் புறப்பட்டன. பதினாலு முடித்தன. நாங்கள் பன்னிரண்டாவது. மொத்தத் தாமதம் இருபத்தெட்டு நிமிடம்.

முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கார் தானாகவே அணைந்தது. தேவிகா தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். கேட்கத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

சோலையம்மாள் குடை பிடித்தபடி சேற்றில் நடந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு இவுக? எங்க வீட்டுல வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தரு இருந்தாகளே."

27 நவம்பர், புதன்

குரல் பாதி வந்துவிட்டது. கோவை முகாமுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு திருத்தமும் இல்லை.

1 டிசம்பர், ஞாயிறு

முத்துவீரனின் ஒர்க்ஷாப்புக்கு நடந்து போனேன். கார் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது, சக்கரம் இல்லாமல். சேறு காய்ந்து ஓடு ஓடாக உதிர்கிறது. எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டு, கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னார்.

மனதில் இருந்ததைச் சொன்னேன். அடுத்த தடவை அவருக்கு ஒழிவு இருந்தால் அவரே தேவிகாவுடன் போவது நல்லது, இந்தத் தடவை சர்வீஸ் வேலையால் அவரால் வர முடியாமல் போய்விட்டது, எனக்குப் புரிகிறது என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "எனக்கென்ன சார் வேலை. எந் தம்பி சர்வீஸ் பாத்துக்கிருவான். பூஜா போகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் வாரேம்மான்னு கேட்டேன். வேணாம்னுருச்சு."

எனக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அண்ணே, நீங்க எல்லா எடத்துலயும் போலாம், போலாம்னு சொல்லுவீக. எதை நம்புறது? எங்க மாமா லேசுல போன்னு சொல்ல மாட்டாக. அவுக சொன்னா நான் யோசிக்காம போவேன்'னுச்சு." கொஞ்சம் மனத்தாங்கல் அவருக்கு இருந்திருக்க வேண்டும். பிறகு சிரித்தார். "அங்குட்டுத் தண்ணிக்கரையில நின்ன ரெண்டு காருலயும் எங்கள மாதிரி 'போலாம், போலாம்'ங்கிற ஆளுகதான் சார் இருந்தாக."

டீயைக் குடித்து முடித்தேன். என்ன ருசி என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தேவிகா வாசலில் பள்ளிக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்கலாம் என்று நின்றேன். "என்ன மாமா?" என்றாள். கோவைக்கு எந்தத் தேதி என்று கேட்டேன். ஜனவரி பதினெட்டு என்றாள். வழி சொல்பவர்களும் வர வேண்டுமாம். என் பெயரைப் போட்டுவிட்டாளாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்றேன்.

முதல் பக்கத்து மூன்றாம் எண், வேறு ஆள் கிடைக்காததால்தான் என்றது, தவறு. கோடிட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.