கல் வைக்க வேண்டியவன்

தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்கு நேற்று இலுப்பெண்ணெய் வந்திருந்தது. கோயில் விளக்குக்கென்று யாரோ சொல்லி எடுப்பித்ததாம். ஒரு போத்தலின் மூடி இறுகாமல் தட்டெல்லாம் கசிந்திருந்தது. கடைக்காரப் பெடியன் துடைத்துக்கொண்டே, "மணம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, குறை நினையாதேங்கோ அக்கா" என்றான். வாங்கப் போன வெங்காயத்தை மறந்து நான் அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அவன் கையிலிருந்த துணியைப் பறித்து முகர்ந்திருப்பீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் உங்களை இந்த இங்கிலிஷ் குளிருக்குள் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தவர், எங்கள் குடும்பத்தைப் பார்க்கும் டாக்டர். மெட்ராசில் படித்த காலத்தில் இருவரும் ஒரே விடுதியாம். "மூணு மாசம் வச்சுக்கோங்க. கையில குண்டு பட்டிருக்கு. ஆபரேஷன் முடிஞ்சதும் போயிடுவார்" என்றார். இந்தியாவின் நடுவில் எங்கேயோ ஒரு மலைக்காடு, அங்கே பழங்குடி மக்களின் எம்.எல்.ஏ. என்றும் சொன்னார். எம்.எல்.ஏ. என்றால் வெள்ளை வேட்டியும் நாலு எடுபிடியும் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் ஒளிந்துகொண்டு, ஒரு கையால் சப்பாத்தைக் கழற்ற முடியாமல் வாசலில் நின்றீர்கள். என் மகன்தான் குனிந்து கழற்றிவிட்டான். அவனுக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

முதல் நாளே தேத்தண்ணியைக் கம்பளத்தில் ஊற்றினீர்கள். குண்டுபட்ட கை நடுங்குகிறது, பாவம் என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த நாளும் ஊற்றினீர்கள். அதற்கு அடுத்த நாளும். சிந்தாமல் இருக்கட்டும் என்று அரைக் கோப்பை மட்டும் தரத் தொடங்கினேன். ஒரு கிழமை போன பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டீர்கள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எல்லாருக்கும் முழு கப்பு, எனக்கு மட்டும் ஏன் பாதி?"

"உங்கடை கை நடுங்குதெல்லே?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் மிச்சத் தேத்தண்ணியும் கொட்டியது. எதைக் குடித்தாலும் முதல் வாய் செத்தவர்களுக்கு நிலத்தில் ஊற்றுவது உங்கள் ஆட்களின் வழக்கம் என்றீர்கள். "இஞ்சை செத்தவையும் கம்பளத்துக்குக் கீழையோ இருக்கினம்?" என்று ஏசிவிட்டு, பின்கதவடியில் இருந்த ரோசாச் சாடியைக் காட்டினேன். அன்றிலிருந்து உங்கள் முன்னோருக்கு ரோசாச் சாடிதான் வீடு.

உங்கள் காட்டைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் நான் சமைக்கும்போது என் குசினியில் சொன்னதுதான். கோடையில் விடியமுன் பெண்கள் இலுப்பைப் பூப் பொறுக்கப் போவார்கள், வியாபாரி அடிமாட்டு விலைக்கு எடுப்பான். நான் பகிடிக்கு, "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரையாம்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. "எங்களுக்கு அது சர்க்கரை மட்டும் இல்ல அக்கா. மழைக்காலத்துல அதான் சோறு" என்றீர்கள். அந்த வியாபாரிகளை எதிர்த்துத்தான் நீங்கள் அரசியலுக்கு வந்தீர்கள். பிறகு ஆயுதக்காரர் காட்டுக்குள் வந்தார்கள். வியாபாரிகளை அடித்து விரட்டினார்கள், சனத்துக்குச் சந்தோசம். அடுத்ததாகப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தங்கள் சொல் கேளாத ஊர்த் தலைவர்களை மரத்தில் கட்டினார்கள். நீங்கள் சந்தையில் ஏறி நின்று, "எங்க புள்ளைங்களுக்குத் துப்பாக்கி வேணாம், வாத்தியார் வேணும்" என்று பேசினீர்கள். அவர்களோடு சண்டை போட அரசாங்கம் ஊருக்குத் துப்பாக்கி தருகிறோம் என்றபோது, அதையும் வேண்டாம் என்றீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆகாத ஆளானீர்கள். அதே சந்தையில் வைத்துத்தான் சுட்டார்கள்.

எனக்கு உங்களோடு கோபம் வந்ததும் இந்தக் கதையால்தான். என் தம்பி இயக்கத்துக்குப் போனவன். எங்கே விழுந்தான் என்று தெரியாது, உடலும் வரவில்லை. துவக்கு எடுத்தவர்களைப் பற்றி நீங்கள் பேசும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். ஒருநாள் அகப்பையை வைத்துவிட்டு, "எங்கடை பெடியளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? கதைக்காதேங்கோ" என்று கத்தினேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"உங்க தம்பியச் சொல்லல அக்கா. என் பையனச் சொல்றேன்."

உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவின் மகனை நீங்கள்தான் வளர்த்தீர்கள். அவன் வாயில் முதல் சோறு வைத்தது நீங்கள், பட்டணத்துக்குப் படிக்க அனுப்பியதும் நீங்கள். அங்கிருந்துதான் அவன் காட்டுக்குள் போனான். சந்தையில் சுட்டவன் வேறொருவன். "இவன் பக்கத்துல நின்னான். என்னப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுகிட்டான்" என்றீர்கள். தாய்மாமன் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் மகனுக்கும் ஒரு தாய்மாமன் இருந்தான். நான் அதற்குமேல் சண்டை பிடிக்கவில்லை.

கை தேறியதும் ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னீர்கள். எனக்கு விளங்கவே இல்லை. "சாகவோ போறியள்? இஞ்சை நில்லுங்கோ. குரோய்டனிலை அகதியாப் பதிஞ்சா இருக்க விடுவினம்" என்று ஒற்றைக் காலில் நின்றேன். வேலைக்கு லீவு போட்டு, ரொட்டியும் தேத்தண்ணிப் பிளாஸ்க்குமாக உங்களை இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெரிய கட்டடத்தைச் சுற்றிக் குளிரில் வரிசை நின்றது. பாதிப்பேர் எங்கள் பெடியன்கள். தேத்தண்ணியை வாங்கியதும் முதல் வாயை நடைபாதையில் ஊற்றினீர்கள். முன்னால் நின்ற பெடியன் சப்பாத்தைப் பார்த்துவிட்டு விலகினான்.

"உள்ள என்ன கேப்பாங்க?"

"ஆருக்குப் பயந்து வந்தனீங்கள் எண்டு கேப்பினம். அவை ஆர், என்ன பேர், எல்லாம் வடிவாச் சொல்லோணும். அப்பத்தான் நம்புவினம்."

"பேரச் சொல்லணுமா?"

"ஓம்."

கோப்பையைத் தந்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்தேன். "எங்க ஊரு போலீஸ் ஆஸ்பத்திரில என் கட்டில் பக்கத்துலயே ஒக்காந்து கேட்டுச்சு. சொல்லல. எந்த கவர்மெண்டுகிட்டயும் அவன் பேர நான் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். சுட்டவனின் பெயரை மட்டும் சொல்லுங்கோ என்று பார்த்தேன். "அவன் பக்கத்துல யார் நின்னான்னு கேப்பாங்களே" என்றீர்கள். பிடித்த கையை விட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் கல்லைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் ஊரில் ஒருவர் செத்தால் இலுப்பை மரத்தடியில் அவருக்கொரு கல் நாட்டுவார்கள். ஆணுக்குக் கல் வைக்கும் உரிமை அக்கா தங்கை பெற்ற மகனுக்குத்தான். வேறு யார் வைத்தாலும் செல்லாது.

"உங்களைக் கொல்ல வந்தவையோடை நிண்டவன். அவனோ கல்லு வைப்பான்?"

"என்னைக் கொன்னாலும் அவன்தான் வைக்கணும். அதுக்காகவாவது ஒருநாள் ஊருக்குள்ள வருவான்ல?" என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் மகன் இருக்கான் அக்கா. உங்க தம்பிக்கு அவன் வைக்கலாமே" என்றீர்கள். நான் யன்னலால் வெளியே பார்த்தபடி இருந்தேன். உடல் வராதவனுக்கு என்ன கல் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நீங்கள் புறப்பட்ட காலையில் நான் மேலே அறையில் இருந்துகொண்டேன். "அவர் போகட்டும், மறிக்காதை" என்று என் மனிசன் சொல்லியிருந்தார். கீழே நின்று, "வரேன் அக்கா" என்று கூப்பிட்டீர்கள். பிறகு ஓடிவந்து, "கவனமாப் போயிட்டு வாங்கோ" என்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கு என்னை நானே தின்றிருப்பேன்.

சில வருடங்கள் பொங்கலுக்குப் பொங்கல் டாக்டர் வீட்டுக்குப் போன் எடுத்து எங்களைக் கேட்டீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அவர் வாய் திறக்கமுன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்துவைத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆயுதக்காரர் மறித்துச் சுட்டார்களாம். நீங்கள் வளர்த்த அந்தப் பிள்ளையும் அங்கே நின்றானா என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றார். நான் கத்தி அழுதேன். தம்பிக்கு அப்படி அழக் கிடைக்கவில்லை, அவன் செத்தான் என்ற நிச்சயமான செய்தி வந்ததே இல்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன்.

டாக்டர் இந்தியா போனபோது உங்கள் ஊருக்கும் போனார். மரத்தடியில் உங்கள் அப்பாவின் கல்லுக்குப் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்ததாம். கட்சிக்காரர் சிமெந்தில் சிலை வைக்கக் கேட்டு வந்தபோது உங்கள் அக்கா விடவில்லை. "வைக்க வேண்டியவன் வரட்டும்" என்றாராம்.

போன மாசம் அவர் மறுபடி போய் வந்தார். கல் இருக்கிறது. ஒருநாள் விடிந்து பார்த்தபோது நின்றதாம். யார் வைத்தது என்று போலீஸ் வீடு வீடாகக் கேட்டது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தனியாக இருக்கும் உங்கள் அக்கா மட்டும் அதற்கு முதல் நாள் இரண்டு பேருக்குச் சோறு சமைத்திருந்தார்.

நேற்று அந்த எண்ணெய்ப் போத்தலோடு வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டேன். அவனுக்கு இப்போது மீசை, தமிழ் பாதி, இங்கிலிஷ் பாதி. அவன் தாய்மாமனுக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. பின்வளவில் மதில் இடிந்த இடத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து, ரோசாச் சாடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"எந்தப் பக்கம் மேலை வரோணும், அம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அதை நான் உங்களிடம் கேட்டு வைக்கவில்லை. அவனுக்குப் பிடித்த பக்கம் வைக்கச் சொன்னேன்.

இன்று காலை தேத்தண்ணியோடு போய் நின்றேன். முதல் வாய் தம்பிக்கு ஊற்றினேன். அடுத்தது உங்களுக்கு. உங்கள் பிள்ளைக்கு ஊற்றவில்லை. அது செத்தவர்களுக்குத்தானே. அவன் எங்கேயோ இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு, மிச்சத்தை நான் குடித்தேன்.