தோற்கப்போகும் ஆட்டம்

8 ஜூலை 1978, சனி

அடுத்த ஞாயிறு மாலை தானாகவே தெரிந்துவிடப் போகும் ஒரு விஷயத்தை இன்றைக்கே தெரிந்துகொள்ள மனிதர்கள் ஏன் இப்படித் துடிக்கிறார்கள்? எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியும் இதற்குப் பதில் தெரியவில்லை.

16ஆம் தேதி சென்னையில் சோவியத் பெண்கள் அணியும் நம் பெண்கள் அணியும் வாலிபால் ஆடுகின்றன. நம் அணியில் என் தம்பி அப்பாதுரையின் மகள் வள்ளி இருக்கிறாள். அதனால் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை உரிப்பவர்கள் வரை ஆளுக்கொரு ஆரூடம். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூடத் தெரியாதவர்கள் "மூணுக்கு ஒண்ணு" என்று செட் கணக்குச் சொல்கிறார்கள்.

கல்லூரியில் சரித்திரம் நடத்தும் ராமதாஸ், "நம்ம பொண்ணுங்க கேவுரு களி தின்னு வளந்தவங்க, மேடம். அவங்க வெறும் ரொட்டி" என்றார். அவருடைய சாப்பாட்டுக் கேரியரில் மூன்று அடுக்கும் அரிசிச் சோறு.

9 ஜூலை, ஞாயிறு

வெளிநாட்டார் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம் டீக்கடையில் ஒரு ஜெர்மானியர், வெற்றி தோல்வி இரண்டுமே மாயை என்றார். கணுக்காலில் கடித்த கொசுவை மட்டும் மாயை என்று விடவில்லை. சொறிந்துகொண்டே இருந்தார்.

10 ஜூலை, திங்கள்

அப்பாதுரை வந்தான். காப்பியை ஆற்றிக் குடித்தான். பிறகு, "ஜோசியர் ராஜமாணிக்கம் ஜெயிப்பாங்கன்றாரு. அதே கட்டத்தைப் பாத்து அவரு தம்பி தோப்பாங்கன்றாரு. நீ படிச்சவ, நீ சொல்லுக்கா."

"தோற்பார்கள்" என்றேன். "சந்தேகமே வேண்டாம். உலகத்தில் அந்தப் பெண்களை ஜெயிக்க ஆள் கம்மி." விரல்விட்டு எண்ணி விளக்கமும் சொன்னேன். கேட்கிறவன் கிடைத்துவிட்டானே!

அவன் முகம் தெளிந்தது. அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான்.

செங்கத்து ரைஸ்மில் குடும்பம் ஒன்று வள்ளியைப் பெண் கேட்கிறது. ஆவணியில் கல்யாணம். இவளுக்கு இஷ்டமில்லை. இன்னும் இரண்டு வருஷம் ஆடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்கிறாள். தகப்பன் பெரிய மனது பண்ணி வாக்குக் கொடுத்திருக்கிறான்: இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் அவள் இஷ்டம், தோற்றால் செங்கம். ஆனால் 17ஆம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஆனியின் கடைசி முகூர்த்தம் 16ஆம் தேதி காலை. தட்டு மாற்றுவதென்றால் அப்போதே மாற்றியாக வேண்டும். ஆட்டமோ அன்று மாலை. ஆகையால் ஆட்டத்தின் முடிவு ஆட்டத்துக்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். என் குடும்பத்தின் தர்க்கம் இது.

நான் என்ன செய்துவிட்டேன்? உண்மையைத்தானே சொன்னேன்? வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்திருக்கக் கூடாதா — என்ன அவசரம் எனக்கு?

12 ஜூலை, புதன்

பயிற்சி முகாமிலிருந்து ஒரு நாள் விடுப்பில் வந்திருக்கிறாள் வள்ளி. நேரே இங்கேதான் வந்தாள். முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு.

"நாங்க தோத்துடுவோம்னு சொன்னீங்களாமே அத்தை?"

"சொன்னேன்."

"என்னைக் கேட்டாலும் அதான் சொல்லுவேன். ஒவ்வொருத்தியும் நம்ம வீட்டு நிலைக்கதவு உயரம்." சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. "தோத்தா அடுத்த ஆட்டத்துக்கு நிக்கறோம், அவ்ளோதான். நீங்க பி.ஏ.வுல ஒரு பேப்பர் பெயிலாயி திரும்பி எழுதனீங்களாமே. அன்னிக்கி உங்களுக்கு யாரு தட்டு மாத்துனாங்க?"

"சாப்பிட்டாயா?" என்றேன்.

14 ஜூலை, வெள்ளி

ஜோசியர், அவர் தம்பி, நான் — மூவர் சொன்னதும் போதாதென்று இப்போது சாமி. நாளை பச்சையம்மன் கோயிலில் பூக் கேட்கப் போகிறார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் ஜெயம், சிவப்பு வந்தால் தோல்வி. மாஸ்கோவில் வளர்ந்த பெண்களின் கைவேகத்தை அரளிப்பூ சொல்லிவிடுமாம்.

பொட்டலம் கட்டுவது யார் என்பதில் சண்டை. பூசாரி செங்கத்துக்காரர்களுக்குத் தூரத்து உறவு. வீட்டார் கட்டினால் ஓரவஞ்சனை. வள்ளியின் அம்மா ரேணுகாம்பாள்தான் வழி சொன்னாள்: "அண்ணி கட்டட்டுங்க. அவங்களுக்குத்தான் சாமியும் கெடையாது, பூதமும் கெடையாது. ஒரு பக்கமா சாய மாட்டாங்க."

என் நாத்திகத்துக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் மரியாதை.

15 ஜூலை, சனி

கோயில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வாழையிலைத் துண்டில் பொட்டலம் கட்டினேன். நாருக்கு ஒன்றுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டேன்.

பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அப்பாதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டவன் சும்மா இருந்தானா? "எதுக்கும் அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துடுவமா?"

கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ரேணுகாம்பாள் குனிந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இன்னா, சாமிக்கே பரிட்சை வெக்கறியா? வெள்ளை வந்துடுச்சி இல்ல? செங்கத்துக்கு ஆள அனுப்பு."

அனுப்பினான். பெண் இப்போதைக்கு இல்லை என்று சொல்லியாயிற்று.

வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தேன். செவ்வரளி அடியில் அப்படியே கிடந்தது. ஒரு மாணவி சோதனையில் இப்படிச் செய்திருந்தால் வகுப்பை விட்டே அனுப்பியிருப்பேன். பூவை வெளியே எறிந்துவிட்டுக் கை கழுவினேன். வருத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

16 ஜூலை, ஞாயிறு

ஆறு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்திருக்கும். தோற்பார்கள், தெரியும். தெரிந்தும் ஒரு வேலையும் ஓடவில்லை.

17 ஜூலை, திங்கள். ஆடி முதல் நாள்

தோற்றார்கள். மூன்று செட்டும். பேப்பரில் நாலே வரி, வள்ளியின் பெயர் இல்லை.

அதே பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு அப்பாதுரை வந்தான், கூடவே ரேணுகாம்பாள். கூண்டில் நிற்பவள் மாதிரி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ சொன்னதுதாங்கா நடந்துது" என்றான். "படிச்சவ பேச்சை உட்டுட்டுப் பூவை நம்பனேன் பாரு."

என் பிறந்த வீட்டார் என் படிப்பைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் இன்றைக்கா!

"செங்கம்?" என்றேன்.

"அவங்களா? நேத்துக் காலையிலயே போளூர்ல தட்டு மாத்திட்டாங்க. முகூர்த்தம் வீணாப் போவக் கூடாதாம்."

காப்பி கலக்க உள்ளே போனேன். ரேணுகாம்பாள் டம்ளர் எடுத்துத் தரும் சாக்கில் பின்னாலேயே வந்தாள். "அந்தப் பொட்டலத்தைக் கெணத்துல போட்டுட்டேங்க, அண்ணி. பிரிக்கல" என்றாள். நான் கேட்கவே இல்லை.

வள்ளி ஊருக்கு வரவில்லை. அடுத்த மாதம் ஹைதராபாத்தில் ஓர் ஆட்டம் இருக்கிறதாம், முகாமிலேயே தங்கிவிட்டாள். அதிலாவது ஜெயிப்பார்களா என்று அப்பாதுரை கேட்டான்.

தெரியாது என்றேன்.